ஏரி அருகே, தண்ணீர் தூரத்தில்!

குமணன்சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி அத்தை வீட்டுத் தெருவுக்குள் நான் நுழைந்தபோது காலை மணி பத்து இருக்கும். அத்தை வாசற்படியில் நின்று தெருக்கோடியையே பார்த்துக் கொண்டிருந்தாள். நாலு மாதம் கழித்து வருகிற மருமகளை வரவேற்கத்தான் இப்படிக் காத்து நிற்கிறாள் என்று எண்ணி எனக்கு உச்சி குளிர்ந்து போயிற்று. கிட்டத்தில் போன பிறகுதான் அவள் பார்வை என்னையும் தாண்டிப் போவது தெரிந்தது.

"வா அம்மா, வா. வழியிலே தண்ணி லாரி ஏதாவது கண்ணிலே பட்டுதா?" என்று கேட்டாள்.

குளிர்ந்த உச்சி பழையபடி சூடாகிவிட்டது!

விஷயம் தெரிந்த பிறகு அத்தையைக் கோபித்துக்கொள்ள மனம் வரவில்லை. முதல் நாள் ராத்திரியே வரவேண்டிய லாரி வரவில்லை. சம்ப்பில் அடித்தரை தெரிகிறது. கொல்லையில் மாமா வெட்டிய கிணறு இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஜலத்தில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. தலைக்கு ஊற்றிக்கொண்டால் மறுநாள் சீப்பு நிறைய முடி. ஆகவே குடிக்கவும் சமைக்கவும் கேன் தண்ணீர், மற்ற எல்லாவற்றுக்கும் லாரித் தண்ணீர் என்பது அந்த வீட்டின் ஏற்பாடு.

"காபி கலக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டு அத்தை கேனைச் சாய்த்துப் பார்த்தாள். அவள் சாய்த்த விதத்தைப் பார்த்து, "இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன், அத்தை" என்று ஒரு பொய் சொன்னேன். பட்டணத்திலிருந்து குமணன்சாவடி வருகிறவர்களுக்கு இந்தப் பொய் மிகவும் பழக்கமானதுதான்.

அப்புறம் அத்தை அலமாரியிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்து வந்தாள். பால் கணக்கு நோட்டு என்று நினைத்துப் பிரித்தேன். எல்லாம் தண்ணீர்க் கணக்கு! தேதி, லாரி ஒன்று, இவ்வளவு ரூபாய்; கேன் மூன்று, இவ்வளவு ரூபாய். பக்கம் பக்கமாக மாமாவின் முத்து முத்தான கையெழுத்து. அவர் காலமான பிறகு அத்தையின் கோணல் எழுத்து. பன்னிரண்டு வருஷக் கணக்கு அதில் இருந்தது.

"இதைக் கூட்டிப் பார்த்தான் உன் அத்தான். கூட்டிப் பார்த்துவிட்டு, 'வீட்டை விற்றுவிடலாம் அம்மா' என்கிறான். இன்றைக்குச் சாயங்காலம் புரோக்கர் போன் பண்ணுவானாம். மாமா பிராவிடண்டு பண்டு பணத்தைப் போட்டுக் கட்டின வீடு இது..." என்று சொல்லி நிறுத்தினாள். பிறகு, "எனக்கு ஒன்று மட்டும் புரியவே இல்லை. நாலு அடி எடுத்து வைத்தால் செம்பரம்பாக்கம் ஏரி. பட்டணமே அதைக் குடிக்கிறது. நமக்கு ஏன் லாரி?" என்றாள்.

எனக்கும் புரியவில்லை. அத்தையின் பேத்தி கல்லூரியில் படிக்கிறவள். அன்று அவளுக்கு விடுமுறை. "வா சித்தி, ஏரியையே போய்க் கேட்டுவிட்டு வருவோம்" என்றாள். ஆட்டோ பிடித்துப் புறப்பட்டோம்.

சென்னைக்கு மேற்கே பெங்களூர் போகும் பழைய சாலையில் வேலப்பன்சாவடி, குமணன்சாவடி, கரையான்சாவடி என்று வரிசையாகச் சாவடிகள். சாவடி என்றால் வழிப்போக்கர் தங்கி இளைப்பாறும் இடம். களைத்து வருகிறவனுக்கு முதலில் நீட்டுவது ஒரு சொம்புத் தண்ணீராகத்தானே இருந்திருக்கும்? குமணன் என்ற பேரைக் கேட்டாலோ, இல்லையென்று வந்த புலவருக்குத் தன் தலையையே கொடுக்கத் துணிந்த சங்க கால வள்ளலின் ஞாபகம் வருகிறது. ஊர்ப் பேருக்கும் அந்த வள்ளலுக்கும் சம்பந்தம் உண்டோ இல்லையோ, அப்பேர்ப்பட்ட பேர் வைத்த ஊரில் விருந்தாளிக்குக் காபி கலக்கக் கேனைச் சாய்த்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

செம்பரம்பாக்கத்தை அடைந்ததும் நாங்கள் இருவரும் சற்று நேரம் வாயைத் திறக்கவில்லை. பங்குனி வெயிலில் கண்ணுக்கு எட்டிய தூரம் ஜலம் பளபளத்தது. ஏரியின் உபரி ஜலம் அடையாற்றில்தான் போய்ச் சேருகிறது. ஏரியின் முழு ஆழம் 24 அடி. கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி.

"மில்லியன் கன அடி என்றால் யாருக்குப் புரியும்? குடத்திலே சொல்லு" என்றேன். பேத்தி செல்போனில் தட்டினாள். ஏரி நிரம்பினால் சுமார் 10,300 கோடி லிட்டர். குடத்துக்குப் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் கிட்டத்தட்ட 690 கோடிக் குடம்!

ஏரிக்கு அருகிலேயே 2007-ஆம் வருஷம் திறந்த சுத்திகரிப்பு நிலையம் இருக்கிறது. நாளொன்றுக்கு 53 கோடி லிட்டரைச் சுத்தம் செய்து பட்டணத்துக்கு அனுப்பக் கூடியது. அது முழு மூச்சாக வேலை செய்தால், நிரம்பிய ஏரி எத்தனை நாளைக்கு வரும்? வெயில் குடிப்பதைக் கணக்கில் சேர்க்காமலே, 195 நாள். ஆறரை மாதம்! 690 கோடிக் குடம் என்று கேட்டபோது எழுந்த மலைப்பு எனக்கு அப்போதே பாதி இறங்கிவிட்டது.

பட்டணத்துக்கும் தண்ணீருக்கும் உள்ள வழக்கு பழைய வழக்கு. 1772-ல் கோட்டையின் தேவைக்காக வெட்டிய ஏழு கிணறு இன்று ஒரு வட்டாரத்தின் பேராக நிற்கிறது. 1872-ல் கொசஸ்தலை ஆற்றைத் தாமரைப்பாக்கத்தில் மறித்துச் சோழவரத்துக்கும் செங்குன்றத்துக்கும் திருப்பினார்கள். செங்குன்றத்திலிருந்து கீழ்ப்பாக்கத்துக்குத் திறந்த வாய்க்காலில்தான் குடிநீர் வந்தது. மாடு குளித்த ஜலத்தைத்தான் நம் கொள்ளுப் பாட்டிகள் துணியில் வடிகட்டியிருக்கிறார்கள்! 1914-ல் கீழ்ப்பாக்கம் நீர் நிலையம் வந்த பிறகுதான் சுத்தம் செய்த தண்ணீர் என்பது வழக்கமாயிற்று.

அதற்குப் பிறகு பூண்டி. தீரர் சத்தியமூர்த்தி 1939-ல் சென்னை மேயரானார். நகரத்துக்கு ஒரு நீர்த்தேக்கம் வேண்டும் என்று அவர் பிடித்த பிடியில்தான் அந்த வேலை ஆரம்பமாயிற்று. உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம் வேறு. 1944-ல் பூண்டி திறந்தபோது அதைப் பார்க்க அவர் இல்லை. முந்தைய வருஷமே காலமாகிவிட்டார். பூண்டிக்கு ஆன செலவு 65 லட்ச ரூபாய். இந்த 65 என்ற எண்ணை வாசகிகள் முந்தானையில் முடிந்து வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கொஞ்ச நேரத்தில் வேலை இருக்கிறது.

சுதந்திரம் வந்த பிறகு அணை கட்டுவது நாட்டுக்கே ஒரு விரதம் போல ஆயிற்று. வடக்கே பக்ரா அணையை நேருஜி 1963-ல் நாட்டுக்கு அர்ப்பணித்தார். இங்கே காமராஜர் முதல் மந்திரியாக இருந்த நாளில் கீழ்பவானி, சாத்தனூர், அமராவதி, மணிமுத்தாறு, வைகை என்று ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. அவை வயலுக்காகக் கட்டியவை. அந்தப் பெரிய தட்டில் பட்டணத்துச் சமையலறைக்கு அதிகம் பரிமாறவில்லை. பூண்டிக்குப் பிறகு சென்னையின் குடிநீருக்கென்று அடுத்த புதிய நீர்த்தேக்கம் கண்ணன்கோட்டை - தேர்வாய்கண்டிகையில் 2020-ஆம் வருஷம் நவம்பரில் திறக்கப்பட்டது. 76 வருஷம் கழித்து! அதன் கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. செலவு 380 கோடி ரூபாய்.

இடையில் சும்மா இருந்தார்கள் என்று சொல்லக்கூடாது. தூரத்து நதிகளை அழைத்துவரப் பார்த்தார்கள். கிருஷ்ணா நதியில் தங்கள் பங்கிலிருந்து ஆளுக்கு 5 டி.எம்.சி. சென்னைக்குத் தர மகாராஷ்டிரம், கர்நாடகம், ஆந்திரம் ஆகிய மூன்று ராஜ்யங்களும் 1976-ல் சம்மதித்தன. 1983-ல் எம்.ஜி.ஆரும் என்.டி. ராமராவும் முதல் மந்திரிகளாக இருந்தபோது ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. ஸ்ரீசைலத்திலிருந்து சோமசிலா, அங்கிருந்து கண்டலேறு, அங்கிருந்து 150 கிலோமீட்டருக்கு மேல் கால்வாய் வழியாக ஊத்துக்கோட்டை, பிறகு பூண்டி. 1996 செப்டம்பரில் கிருஷ்ணா பூண்டிக்கு வந்து சேர்ந்தாள். அதுவரை பெரும்பாலும் பாசன ஏரியாக இருந்த செம்பரம்பாக்கமும் இந்த ஏற்பாட்டில்தான் பட்டணத்துக் குடிநீர் ஏரியாக மாறிற்று. நெல்லுக்குப் பாய்ந்தது குழாய்க்குப் பாய ஆரம்பித்தது. நெல் விளைந்த இடத்தில் மனைகள் விளைந்தன. மாமா வாங்கியது அப்படி ஒரு மனைதான்.

15 டி.எம்.சி.யில் வழியில் ஆவியாகிறது 3 போக, 12 நம் எல்லைக்கு வரவேண்டும். முழு அளவு வந்த வருஷத்தைப் பூதக்கண்ணாடி வைத்துத்தான் தேட வேண்டும். நதி பெருகினால்தானே கொடுக்கிறவர்களுக்குக் கை நீளும்? மண் கால்வாய் வழி முழுவதும் குடித்துக்கொண்டே வந்ததால், புட்டபர்த்தி சாயிபாபாவின் டிரஸ்டு செலவில் அதைச் சீர்செய்தார்கள் என்பதும் இந்தக் கதையில் ஒரு விசேஷம்.

அடுத்தது வீராணம். 1950-ஆம் வருஷம் 'பொன்னியின் செல்வன்' தொடர்கதை தொடங்கிய வாரத்தில் வந்தியத்தேவன் குதிரையேறி வந்தானே, அதே ஏரி! அந்த ஏரியிலிருந்து சென்னைக்குக் குழாய் போடுவதற்கு அறுபதுகளின் கடைசியில் எடுத்த முயற்சி நடுவழியில் நின்று போயிற்று. ராட்சசக் குழாய்கள் பல வருஷம் சாலையோரத்தில் கிடந்ததையும், சிலவற்றில் குடித்தனமே நடந்ததையும் அந்த வழியாகப் பிரயாணம் செய்த பெரியவர்கள் சொல்வார்கள். தண்ணீருக்கு வாங்கிய குழாய் யாருக்கோ வீடாகவாவது பயன்பட்டதே என்று திருப்திப்பட வேண்டியதுதான். பிறகு 2004-ல் புதிய வீராணம் திட்டம் நிறைவேறியது. 200 கிலோமீட்டருக்கு மேற்பட்ட குழாய் வழியாகத் தினம் 18 கோடி லிட்டர் வரை போரூருக்கு வருகிறது. காவிரித் தண்ணீர்!

ஆக, குமணன்சாவடிக்கு மேற்கே சில கிலோமீட்டரில் கிருஷ்ணா. கிழக்கே சில கிலோமீட்டரில் காவிரி. போதாக்குறைக்குக் கடலும் வரப்போகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேரூர் என்ற இடத்தில் தினம் 40 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்துக்கு 2023 ஆகஸ்டில் அடிக்கல் நாட்டினார்கள். மதிப்பீடு 4,276 கோடி ரூபாய். ஜப்பானிய அரசு நிறுவனத்தின் கடனுதவி. அந்தத் தண்ணீரையும் போரூர் வரை கொண்டுவரத்தான் திட்டம். மீஞ்சூரில் 2010-லும் நெம்மேலியில் 2013-லும் இப்படிப்பட்ட நிலையங்கள் வந்துவிட்டன. நெம்மேலியில் இரண்டாவது 2024-ல் திறந்தது. கடல் வற்றாது, மழையை எதிர்பார்க்காது என்பதெல்லாம் வாஸ்தவம். ஆனால் உப்பைப் பிரித்தெடுக்க ஆயிரம் லிட்டருக்கு மூன்று நாலு யூனிட் மின்சாரம் செலவாகும். வானத்திலிருந்து இனாமாக விழுவதை ஓட விட்டுவிட்டு, கரண்டு செலவழித்துக் கடலைக் காய்ச்சுவது எனக்கென்னவோ வீட்டில் பசுவை வைத்துக்கொண்டு பால்பொடி வாங்குகிற கதையாகத்தான் படுகிறது.

ஓட விடுகிறோமா என்று கேட்பவர்கள் 2015 டிசம்பர் 1-ஆம் தேதியை நினைத்துக்கொள்ளட்டும். ஒரே நாளில் செம்பரம்பாக்கத்தில் 47 சென்டிமீட்டர் மழை. ஏற்கனவே நிரம்பியிருந்த ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட வேண்டியதாயிற்று. அடையாற்றின் இரு கரையிலும் வீடுகள் மூழ்கின, உயிர்கள் போயின. அந்த வேகத்தில் ஒரு நாள் முழுவதும் போனால் எவ்வளவு என்று பேத்தியைக் கேட்டேன். ஏரியின் மொத்தக் கொள்ளளவில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலாம்.

"அன்றைக்கு அப்பா பட்டணத்திலேயே மாட்டிக்கொண்டார், சித்தி. பாட்டி ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. மழை நிற்கணும் நிற்கணும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டே இருந்தாள்."

"2019-ல்?"

"அப்போது மழை வரணும் வரணும் என்று அதே பிள்ளையாரைத்தான் வேண்டினாள்!"

2019 ஜூன் மாதத்தில் இந்த ஏரியில் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நாலு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டுவிட்டன. வழக்கமாகத் தினம் 83 கோடி லிட்டர் அனுப்பிய நகருக்கு 52 கோடி லிட்டர்தான் அனுப்ப முடிந்தது. மாங்காட்டுக்குப் பக்கத்தில் சிக்கராயபுரம் கல்குவாரிகளில் தேங்கியிருந்த மழைநீரைக் கூடச் செம்பரம்பாக்கத்தில் சுத்தம் செய்து அனுப்பினார்கள். கல்லுடைத்த பள்ளம் பட்டணத்தின் தாகத்தைத் தீர்த்தது! ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து 50 வாகன்களில் 25 லட்சம் லிட்டரை ஏற்றிக்கொண்டு ரயில் வில்லிவாக்கம் வந்தது. மாலை போட்டு வரவேற்றார்கள். ஆனால் அன்றைய குறைந்த விநியோகத்திலேயே அது இருநூறில் ஒரு பங்குக்குச் சமானம். இந்த ரயில் ஏற்பாட்டுக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு தெரியுமா? 65 கோடி ரூபாய்!

முந்தானை முடிச்சை இப்போது அவிழ்க்கலாம். 1944-ல் 65 லட்சத்துக்குப் பூண்டி. 2019-ல் 65 கோடிக்குச் சில மாத ரயில். ரூபாயின் மதிப்பு எவ்வளவோ இறங்கிவிட்டது, இரண்டையும் ஒப்பிடக்கூடாது என்று பொருளாதார நிபுணர்கள் சொல்வார்கள். சொல்லட்டும். பூண்டி இன்னும் இருக்கிறது, ரயில் போய்விட்டது.

சரி, அத்தை கேட்ட கேள்விக்கு வருவோம். ஏரிப் பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு ஏன் லாரி?

ஏரி ஜலத்தை அப்படியே குடிக்க முடியாது. சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போய், அங்கிருந்து ஆள் உயரக் குழாய்களில் நகரத்துக்கு ஓடுகிறது. அந்தப் பெரிய குழாயில் நினைத்த இடத்தில் துளை போட்டு வீட்டுக்கு இழுக்க முடியாது. அழுத்தம் குறைந்து கடைசியில் இருப்பவர்களுக்கு எட்டாமல் போய்விடும். ஒவ்வொரு பகுதிக்கும் தனியாகத் தொட்டி, தொட்டியிலிருந்து தெருக்குழாய், தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குழாய் என்று வேண்டும். அண்டா நிறையச் சாம்பார் இருந்தாலும் கரண்டி இல்லாமல் இலையில் விழுமா? அணைக்கு அடிக்கல் நாட்டலாம், பேர் வைக்கலாம், கல்வெட்டில் எழுதலாம். தெருவில் ஆறு அங்குலக் குழாய் போட்டதற்கு யார் கல்வெட்டு வைக்கிறார்கள்? செலவில் பெரும்பகுதி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் போய் விழுவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம்.

சமீப காலத்தில் சர்க்காருக்குக் கரண்டியின் ஞாபகமும் வந்திருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். 2019 ஆகஸ்டில் கிராமத்து வீடுகளுக்கெல்லாம் குழாய் என்று ஜல் ஜீவன் திட்டத்தை 3,60,000 கோடி ரூபாய் மதிப்பீட்டில் ஆரம்பித்தார்கள். அன்று நாட்டில் ஆறு கிராமத்து வீட்டுக்கு ஒரு வீட்டில்தான் குழாய் இருந்தது. 2025-ன் தொடக்கத்தில் ஐந்துக்கு நாலு வீடு என்ற கணக்குக்கு வந்தது. இதை நான் லேசாகச் சொல்ல மாட்டேன். இடுப்புக் குடத்தை இறக்கி வைத்த பெண்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். நகரங்களுக்கு 2021 அக்டோபரில் அம்ருத் இரண்டாம் கட்டம் வந்தது. மதிப்பீடு 2,99,000 கோடி. ஆனால் அத்தை வீடு மாதிரியான இடங்கள் நேற்று வரை கிராமம், இன்றைக்கு நகரம், நாளைக்கு மாநகரம். வீடுகள் முதலில் வந்துவிடுகின்றன, குழாய் மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் வருகிறது. நடுவிலுள்ள வருஷங்களைத்தான் மாமா நோட்டில் எழுதி வைத்திருக்கிறார்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. லாரித் தண்ணீர் எங்கேயிருந்து வருகிறது? புறநகரைச் சுற்றியுள்ள வயல் கிணறுகளிலிருந்து. ஏரியை அடுத்த வயலாயிருந்தால் கிணற்றில் ஊறுவது எது? ஏரியின் கசிவுதான். ஆக, அத்தை வீட்டுக்கும் செம்பரம்பாக்கம் வருகிறது என்றே வைத்துக்கொள்ளலாம். வாடகை லாரியில் ஏறி வருகிறது, அவ்வளவுதான்!

நாங்கள் திரும்பியபோது மணி மூன்று. அத்தான் ஆபீசிலிருந்து சீக்கிரமே வந்திருந்தார். நான் கேட்டுக்கொண்டு வந்ததை எல்லாம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார்.

"எல்லாம் சரிதான். அம்மாவுக்கு எழுபத்து நாலு வயசு. ராத்திரி ஒரு மணிக்கு லாரி வந்தால் எழுந்து ஹோஸைப் பிடிக்கிறாள். பேரூர் வரும், தெருக்குழாய் வரும் என்று இன்னும் எத்தனை வருஷம் இவள் எழுந்திருக்கணும்? வீட்டின் மேல் எனக்கு மட்டும் ஆசை இல்லையா?" என்றார்.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை.

அத்தை ஒன்றும் பேசாமல் கொல்லைப்பக்கம் போனாள். கிணற்றோரத்தில் மாமா வைத்த நித்தியமல்லி. கைகழுவிய தண்ணீரைச் சேர்த்து வைத்திருந்த வாளியை எடுத்து அதற்கு ஊற்றினாள். மொட்டை மாடியிலிருந்து மழைநீர் கிணற்றுக்கு இறங்கும் குழாய் பக்கத்திலேயே தெரிந்தது. 2003-ல் எல்லா வீட்டுக்கும் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயம் என்று வந்தபோது மாமா முதல் ஆளாகப் போட்டது. வாய் முழுவதும் சருகு அடைத்திருந்தது. பேத்தி ஸ்டூலைப் போட்டு ஏறி, ஒரு குச்சியால் குத்திச் சருகைத் தள்ள ஆரம்பித்தாள். "ஐப்பசிக்குள் இதைச் சரி பண்ணினால் கிணற்றுத் தண்ணி கொஞ்சமாவது இளகும், பாட்டி" என்றாள். அத்தான் வாசற்பக்கம் பார்த்துவிட்டு, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டார்.

நாலரை மணிக்கு இரண்டு ஓசைகள் ஒரே சமயத்தில் கேட்டன. ஒன்று அத்தானின் டெலிபோன். மற்றொன்று தெருமுனையில் லாரியின் ஹாரன்.

அத்தை புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். "புரோக்கரை அப்புறம் கூப்பிடச் சொல்லுடா! முதலிலே சம்ப் மூடியைத் திற!" என்று குரல் வந்தது.

அத்தான் போனை அமர்த்திவிட்டு மூடியைத் திறக்கப் போனார். லாரி போன பிறகு அத்தை நோட்டை எடுத்துத் தேதி போட்டு, 'லாரி ஒன்று' என்று எழுதினாள். பிறகு என்னைப் பார்த்து, "காலையிலே காபி குடித்துவிட்டு வந்தேன் என்றாயே, அது பொய்தானே?" என்று கேட்டுக்கொண்டே அடுப்பைப் பற்றவைத்தாள்.